இடுப்பளவுக்கு இறக்கிய வண்டி

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் எங்கள் பிக்கப் வண்டியில் ஏற முடியவில்லை. இடது இடுப்பில் புது மூட்டு வைத்த பிறகு காலை அவ்வளவு உயரம் தூக்கினால் உயிர் போகிறது. என் புருஷன் செல்சோ பின்னாலிருந்து தள்ளினான், முன்னாலிருந்து இழுத்தான். கடைசியில் மகள் நொஹேமியின் காரில் சர்ச் பூசைக்குப் போனேன். பின்னாலேயே என் கிழவன் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தான். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் பக்கத்து சீட்டு என்னுடையது.

"பேசாம அத வித்துருங்கப்பா," என்றாள் நொஹேமி.

"அதுக்கு என்னைய வித்துரு."

மார்ச் 6

டேப்பும் கையுமாக வந்து என்னைச் சுவரோரம் நிற்க வைத்தான். தரையிலிருந்து என் இடுப்பெலும்பு வரை அளந்தான்.

"என்ன, பொட்டிக்கு அளவா?"

"வாய மூடு கெழவி. சீட்டு இந்த ஒசரத்துக்கு வரணும். நீ சும்மா பின்னால சாஞ்சா போதும், ஒக்காந்துருப்ப."

வண்டியைத் தாழ இறக்கப் போகிறானாம்! எங்கள் ஊர் ஆக்ஸ்நார்ட் முழுக்க இறக்கின வண்டிகள்தான், எல்லாம் அழகுக்கு. பெண்டாட்டி இடுப்புக்காக இறக்குகிறவன் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். உள்ளே போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மார்ச் 9, சனி

நொஹேமியின் ஞானத்தகப்பன் திபோ வந்தான். பகலெல்லாம் இரண்டு பேரும் வண்டிக்கடியில். முன்னால் நாலு அங்குலம், பின்னால் ஆறு இறக்கினார்கள். ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றவில்லை. "எம்பொண்ணு கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்தது, புத்தம் புதுசு. அத எதுக்குக் கழட்டணும்?" என்றான் செல்சோ.

சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு சுற்று. இறக்கின வண்டிக்காரர்களுக்கு வேகமாகப் போவதென்றால் அவமானம். ஊர் பார்க்க வேண்டாமா? நடந்து போகிறவன் எங்களை முந்திப் போனான். நான் அலுங்காமல் ஏறினேன், அலுங்காமல் இறங்கினேன்.

"எப்படி?"

"சொகம்டா கெழவா." உண்மையாகவே சுகம்.

மார்ச் 10, ஞாயிறு

பக்கத்து ஊர் கமரியோவில் என் தங்கை வீட்டுக்கு, சாதாரண வேகத்தில். தண்டவாளத்தைத் தாண்டும்போது அடியில் 'டங்' என்று ஓர் இடி. இடுப்புக்குள் ஆணி இறங்கியது. அப்புறம் பள்ளத்துக்கொரு டங். பள்ளம் வருவதை ஓட்டுகிறவன் பார்க்கிறான், ஸ்டியரிங்கைப் பிடித்துக் கொஞ்சம் எழும்பிக்கொள்கிறான். நான் எதைப் பிடிப்பது?

"எப்படி?" என்றான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு—

"சொகம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 17

பேத்தியோடு உட்கார வேண்டுமென்று சொல்லி நொஹேமி காரில் போய்விட்டேன்.

மார்ச் 24

தலைவலி என்றேன். சாக்குகள் தீர்ந்துகொண்டே வருகின்றன.

மார்ச் 26

செல்சோ திபோவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் பக்கத்து அறையில் துணி மடிப்பது அவனுக்குத் தெரியவில்லை. "வித்துரலாம்னு இருக்கேன். அவளுக்கு இதுல வர வெக்கமா இருக்கு போல. இந்த வயசுல என்ன கூத்துன்னு நெனைக்கிறா."

வெக்கமா? எனக்கா? அட பாவி மனுஷா! வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லாம நான் பூசி மெழுகினதுக்கு, இவன் வண்டியவே விக்கப் போறான். இவன் மனசு நோகக் கூடாதுன்னுதானே— சரியான லூசு நான்.

மார்ச் 27

சாவியை நான் எடுத்துக்கொண்டேன். "நீ அந்தப் பக்கம் ஏறு." கிளச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி, ஆபரேஷன் ஆனது இடது இடுப்பு; ஓட்டலாமென்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் வண்டியில் கிழவன் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே கிடையாது. தண்டவாளத்தில் நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

"ஐயோ! என்னடி இது?"

"இதான் அந்தச் சொகம்."

ஓரமாக நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன்.

"போன தடவ பூரா இப்படியா இருந்துச்சு?"

"போகையிலயும் வரையிலயும்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நீ அவ்வளவு ஆசையாக் கேட்ட. எப்படிச் சொல்றது?"

திட்டுவான் என்று பார்த்தேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

மார்ச் 30, சனி

ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க, அதன் தண்டில் வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை ஒன்றை மாட்டி, திபோவும் அவனும் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள், இந்தத் தடவை மனுஷ வேகத்தில். டை கோடி வரைக்கும் தள்ளப்பட்டிருந்தது. வண்டி இறங்கிவிட்டது, ஷாக் மட்டும் பழைய உயரத்துக்கு ஏற்ற நீளம். சும்மா நிற்கும்போதே முக்கால்வாசி அமுங்கிக் கிடந்தால், பள்ளம் வரும்போது எங்கே போகும்? இரும்போடு இரும்பு மோதுகிறது. ஊர்வல வேகத்தில் அது யாருக்குத் தெரியும்?

குட்டை ஷாக் வேண்டும். என்னைச் சீட்டில் உட்கார வைத்து அளவெடுத்தார்கள்.

"அசையாம இரு."

"மூச்சு விடலாமா?"

எந்த ரகம் என்பதில் சண்டை. திபோவுக்குக் கெட்டி ரகம்தான் வேண்டும். "அதான் கெத்து. திருப்பத்துல சாயாது."

"நான் என்ன ரேஸா ஓட்டுறேன்? மெத்துனு இருக்குறது போதும்," என்றான் செல்சோ.

மெத்தென்ற ஷாக் அமுங்குவதற்கு அதிக இடம் வேண்டுமாம். அதற்கு வண்டியை ஓர் அங்குலம் மேலே தூக்க வேண்டும். திபோவுக்கு அழுகையே வந்துவிட்டது. "எறக்குன வண்டிய எவனாச்சும் ஏத்துவானா? பால் வண்டி வருதுன்னு சிரிப்பானுங்க."

செல்சோ என்னை இறங்கி நிற்கச் சொல்லி, டேப்பை மறுபடி என் இடுப்பில் வைத்துப் பார்த்தான். "ஏறிருவியா?"

"ஏறிருவேன்."

"அப்ப ஊரு சிரிக்கட்டும்."

ஏப்ரல் 6

புது ஷாக் மாட்டி, வண்டியை ஓர் அங்குலம் தூக்கியாயிற்று. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திபோ வெளியே போனான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பூசை முடிந்து தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். செல்சோ ஏதோ பாட்டு வைத்தான். வெயில் இதமாக இருந்தது.

கண் விழித்தால் எங்கள் தெருமுனை! என் மேல் அவனுடைய சட்டை, மடியில் சூடாக ஒரு பொட்டலம்.

"என்ன, போவலியா?"

"போனோமே. வாசல்ல ரொம்ப நேரம் நின்னோம். ஒந்தங்கச்சி எட்டிப் பாத்துட்டு, பாவம் தூங்கட்டும்னு திங்கத் தமாலே கட்டிக் குடுத்தா."

"அறிவிருக்கா ஒனக்கு? எழுப்புறதுக்கென்ன?"

"கொறட்ட வேற விட்ட."

தங்கையிடம் நாளைக்குப் பேச வேண்டும். வண்டியிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் தமாலேயைத் தின்று முடித்தோம்.