டக்கோட்டாவில் போன மச்சானுக்கு

என் பிரியமுள்ள மருதை மச்சான்,

வருகிற மாசத்தோடு நீ போய் ஒரு வருஷம். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அரியலூர் கம்ப்யூட்டர் கடை ஜமால் பாய் தட்டிக்கொண்டிருக்கிறார். உன் வருஷத் திதிக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொன்றாக இதைக் கொடுக்கப் போகிறோம். அதனால் உன் காதோடு மட்டும் பேச முடியாது. ஊரும் கேட்கட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. உன் தங்கை பொன்னம்மாவுக்கு முட்டி வலி இருக்கிறது, வாய் நன்றாக இருக்கிறது. முந்திரியில் இந்த வருஷம் நல்ல பூ. அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள், பிறகு பெரம்பலூரோடு சேர்த்தார்கள், இப்போது மறுபடியும் பிரிக்கப் போவதாகப் பேச்சு. நீ பெரம்பலூர்ப் பக்கத்து ஆள், நாங்கள் அரியலூர்ப் பக்கம். பழைய மருதையாக நீ இருந்திருந்தால், "மேல போயிப் பாரு மாப்ளே, கோடு எங்கயாச்சும் தெரியுதா?" என்று கேட்டிருப்பாய்.

அந்த 'மேலே போன' கதையைத்தான் சொல்ல வந்தேன்.

திருச்சி ஏரோடிரமில் நாம் இரண்டு பேரும் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த காலம். நான் காய்ச்சலில் ஊருக்கு வந்து படுத்திருந்தேன். அப்போதுதான் எஞ்சின் வேலைக்காக ஒரு டக்கோட்டா விமானம், பயணிகள் இல்லாமல் மெட்ராசுக்குக் கிளம்பியது. சாமான் மூட்டைகள் சரியாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்று அதிகாரி உன்னை உள்ளே ஏற்றிவிட்டார். சட்டத்துக்கு விரோதம், வெளியே மூச்சு விடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். நீ ரயிலில் திரும்பி வந்து, நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாய். உன் தங்கையைக் கூப்பிட்டு வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினாய்.

"தங்கச்சி, எங்க ஊரு மலை என் சோத்தாங்கைப் பக்கம், ஒங்க அரியலூரு என் பீச்சாங்கைப் பக்கம். ரெண்டையும் ஒரே நேரத்துல பாத்தேன். நடுவுல நான்!"

அவள் முகத்தில் அன்று இருந்த சிரிப்பைப் போல அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் போனால் பாதிப் பொழுதைத் தின்கிற தூரம். பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் ஒருத்தன் ஒரே பார்வையில் பார்த்தான் என்றால் சும்மாவா?

ஆனால் ஊர்க்காரன் திசையில் ஏமாற மாட்டான். திருச்சியிலிருந்து மெட்ராசுக்கு வடக்கே பார்த்துப் போனால் பெரம்பலூர் மலை மேற்கே, இடது கைக்குத்தான் வரும். அரியலூர் வலது கைக்கு. நீ மாற்றிச் சொன்னாய். எத்தனை தடவை கேட்டாலும் மாற்றியே சொன்னாய். ஏரோடிரமிலோ அதிகாரிக்குப் பயந்து யாரும் உனக்குச் சாட்சி சொல்லவில்லை. போகும்போதும் ரயிலில்தான் போயிருக்கிறான், புளுகுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதையெல்லாம் நீ தாங்கினாய். உன் மகள் நிச்சயதார்த்தத்தில்தான் உடைந்தாய். கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டவரிடம் நீ சொல்லிக்கொண்டிருந்தபோது உன் சம்பந்தி குறுக்கே விழுந்தார். "டக்கோட்டாவுல போனவரு வழி சொல்றாரு, நல்லாக் கேட்டுக்கங்க. அவரு சோத்தாங்கைன்னா நீங்க பீச்சாங்கைப் பக்கம் திரும்புங்க!" பந்தலே சிரித்தது. நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் விமானம் என்ற பேச்சையே நீ எடுக்கவில்லை. பொன்னம்மாவுக்கு அதுதான் ஆறாமல் இருந்தது. "எங்கண்ணன் பொய்யனாவே போயிச் சேந்துட்டுது" என்று உன் படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம் சொல்வாள்.

இனி நடந்ததைக் கேள். டக்கோட்டாவுக்குக் கீழே நாம் இரண்டு பேரும் நிற்கிற பழைய போட்டோவைத் திதிக்குப் பெரிதாக்க வேண்டுமென்று ஜமால் பாய் கடைக்குக் கொண்டுபோனோம். படத்தைப் பார்த்ததும் பாய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அல்லா! பெரியவரே, இந்த விமானத்தை நான் நேத்துத்தான் ஓட்டுனேன்!"

இந்த மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை மச்சான். கம்ப்யூட்டருக்குள் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டர் என்று ஒன்று வைத்திருக்கிறார். பழைய விமானங்கள் எந்த ஊருக்கு எந்த வழியாகப் போயினவோ, அதே வழியில், அதே வேகத்தில் மறுபடி ஓட்டிப் பார்ப்பது அவருக்கு ஆசை. அதில் மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது. நம் ஊர்கள் எதுவும் இல்லை என்று கோபப்பட்டு, அரியலூர் இருக்கிற இடத்தில் சிமெண்டு ஆலைப் புகைபோக்கி ஒன்றைத் தானே செய்து நட்டிருக்கிறார்.

உன் கதையைச் சொன்னேன். "அப்ப திருச்சியிலேர்ந்து மெட்ராசுக்கு அதையே ஓட்டிப் பாத்துடுவோம், உக்காருங்க" என்றார்.

பொன்னம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "ஏறுனதும் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் குடுப்பாங்கன்னு அண்ணன் சொல்லும். எங்கங்க பாயி?" என்றாள். பாய் மேசை டிராயரிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். "பஞ்சு ஸ்டாக் இல்லைங்கம்மா."

முதலில் ஓர் எஞ்சின் இருமி, புகைவிட்டுப் பிடித்தது. பிறகு அடுத்தது. அந்தச் சத்தம் கேட்டதும் என் உள்ளங்கை தானாக மூட்டைக் கயிற்றைத் தேடியது. எழும்பினோம். காவேரி வந்தது, கொள்ளிடம் வந்தது. அப்புறம் மலை தெரிந்தது. தூரத்தில் பாயின் புகைபோக்கியும் தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்! அதுவரை நீ சொன்னது சரி.

ஆனால் மலை இடது பக்கம். புகைபோக்கி வலது பக்கம்.

பொன்னம்மா மிட்டாயைக் கடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. "வாங்க, வூட்டுக்குப் போவலாம்" என்று எழுந்தாள். பாவம், பாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இருங்கம்மா, பின்னாடி வால் எவ்வளவு அழகா இருக்குன்னாவது பாத்துட்டுப் போங்க" என்று ஏதோ ஒரு பட்டனைத் தட்டினார். படம் திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டியது.

"நிறுத்துங்க பாயி!" என்று கத்தினாள் உன் தங்கை. "மலை சோத்தாங்கைப் பக்கம் வந்துட்டுது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது மச்சான். தரையில் நிற்கிற டக்கோட்டாவுக்கு மூக்கு மேலே, வால் கீழே. உள்ளே எல்லாம் சரிவு. மூட்டை வாலுக்குச் சரியும் என்று, ஏற்றி அடுக்கும்போது நாம் எப்போதும் பைலட் அறைச் சுவரில் முதுகைக் கொடுத்து, இரண்டு காலாலும் மூட்டையை உதைத்துப் பிடித்துக்கொண்டுதானே உட்காருவோம்? மூட்டைக்குக் காவலாகப் போனவன் வேறு எப்படி உட்கார்ந்திருப்பான்? வாலைப் பார்த்துத்தான் மெட்ராஸ் வரை போயிருக்கிறாய். கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாய். நாங்கள்தான் உன்னைப் பயணி மாதிரி மூக்கைப் பார்த்து உட்கார வைத்துவிட்டோம்.

உனக்கே ஏன் அது தோன்றவில்லை? இல்லை, தோன்றியும் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு சொல்ல மனசில்லாமல் விட்டுவிட்டாயா? இதை யாரிடம் கேட்பேன்?

பொன்னம்மா மறுநாளே சொல்லி அனுப்பி, உன் சம்பந்தியைக் கடைக்கு வரவழைத்துவிட்டாள். மனுஷன் முழுவதும் பார்த்தார். நான் மூட்டைக் கதையைச் சொன்னேன். அவர் எழுந்து, தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை முன்னால் உதைத்து நீட்டி, இரண்டு கையையும் விரித்தார். ஒரு கையைப் பார்த்தார், மறு கையைப் பார்த்தார்.

"சரியாத்தான்யா வருது."

"என்ன வருது? வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள் பொன்னம்மா. விடுவாளா அவள்?

"ஒங்கண்ணன் போயிருக்காருங்கறேன். திதியன்னிக்கு எல்லாரு முன்னாடியும் நானே சொல்லிடுறேன் தாயி." பிறகு பாய் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மொதல்லேர்ந்து இன்னொரு வாட்டி போடுங்க பாயி" என்றார்.

உன் தங்கை இப்போது நன்றாகத் தூங்குகிறாள்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இத்தனை வருஷமாக யாராவது கேட்டால், "எங்க மச்சான் டக்கோட்டாவுல போனதாச் சொல்லுவாரு" என்றுதான் என் வாயில் வரும். இனிமேல் சின்னப் பிள்ளை கேட்டாலும், பெரிய மனுஷன் கேட்டாலும், "எங்க மச்சான் டக்கோட்டாவுல போனாரு" என்று சொல்வேன். அவ்வளவுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் தங்கை பொன்னம்மாவைக் கட்டியவன்,
உன்னோடு மூட்டை தூக்கிய மாப்பிள்ளை காத்தமுத்து