ஒரே ஒருவருக்காக ஒரு கச்சேரி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மினசோட்டாக் குளிர் என்னை ஒன்றும் செய்யவில்லை, கவலைப்படாதீர்கள்.

நேற்று எங்கள் பள்ளியில் குளிர்காலக் கச்சேரி. பிள்ளைகள் பள்ளிக்கு வந்த பிறகு பனி கொட்டிச் சாலை அடைபட்டதால் பெற்றோர் ஒருவரும் வரவில்லை. என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கைமணிகளோடு முகம் வாடி நின்றார்கள். அப்போது பனி தள்ளும் வண்டி ஓட்டும் வெர்னன் காபி கேட்டு உள்ளே வந்தார். வாண்டு இங்க்ரிட் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, உட்காருங்க! இன்னைக்கு ஆடியன்ஸ் நீங்கதான்!"

அத்தனை பாட்டும் அவருக்காகவே பாடினோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை பாடுங்க. ரோடு எங்க ஓடிடப் போகுது?" என்றார். கூரை அதிரப் பாடினோம், அம்மா!

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் எல்லாரும் பாடும்போது போனைப் பக்கத்தில் வையுங்கள். என் குரலை நான் இங்கிருந்து சேர்த்துக்கொள்கிறேன்.

வகுப்பு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் கோரின்