உனக்கு ஓட்டை, அவளுக்குக் கோடு

இன்று காலை ஹீட்டர் மேல் சூடாக வைத்திருந்த பஞ்சு ரோலைப் பிரித்தேன். அந்த லேசான கருகல் வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கைக்குழந்தைக்கு மயக்கம் கொடுப்பதற்கு முன் கை, கால், தலையெல்லாம் பஞ்சு சுற்றி உடம்புச் சூட்டைக் காப்பது என் வேலை. நீ கத்தியோடு நின்றபடி, "பொட்டலம் ரெடியாடி?" என்பாய். இப்போது வந்திருக்கும் சர்ஜன், "ஆரம்பிக்கலாமா மேடம்?" என்று மரியாதையாகக் கேட்கிறார். மரியாதை எனக்கு அலுத்துவிட்டது.

பித்தக் குழாய் அடைத்துப்போன குழந்தைகள் என்றால் அந்த நாளில் உன்னிடம்தான் வருவார்கள். பித்தம் குடலுக்கு இறங்காமல் ஈரலிலேயே தேங்கி, கண் மஞ்சளாகி, மலம் சுண்ணாம்பாக வெளுத்து வருவார்கள். அடைத்த குழாயை வெட்டி எடுத்து, குடலைத் தூக்கி ஈரலோடு தைத்துப் புது வழி செய்ய வேண்டும். சிதம்பரத்தில் நம் ஆஸ்பத்திரிக்குக் கேமரா மெஷின் வந்ததும் அதையும் சின்ன ஓட்டைகள் வழியாகவே செய்யக் கற்றுக்கொண்டாய். வயிற்றில் காற்றை ஏற்றி மணிக்கணக்கில் வைத்தால் மூச்சைச் சமாளிப்பவள் நான்தானே, முணுமுணுப்பேன். "பொலம்பாதடி. தழும்பே தெரியாது, பாரு" என்பாய்.

காட்டுமன்னார்கோயில் ஆண் குழந்தைக்கு அப்படித்தான் செய்தாய். சில நாள் பித்தம் இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. மறுபடி திறந்து பார்த்தும் பலனில்லை. அவன் இறந்த அன்று வழக்கம்போலக் கடலூர் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். ஆலப்பாக்கம் தாண்டிய பிறகுதான், "ஓட்ட போட்டதாலயா, நோவே அப்படியான்னு தெரியலடி" என்றாய். எனக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் தூங்கு என்றேன்.

அதற்குப் பிறகு வந்தவள்தான் லால்பேட்டைப் பெண் குழந்தை. சுனாமிக்கு மறு வருஷம். அப்பா துபாயில் இருந்தார், அம்மாவுக்கு அழுகையை நிறுத்தத் தெரியவில்லை, பேச வந்தது தாய்மாமன். வயிற்றைத் திறந்துதான் செய்வேன் என்று நீ சொன்னதும் அந்த ஆள் எழுந்துவிட்டார்.

"பொட்டப் புள்ளங்க. நாளைக்கு நிக்காஹ்னு வந்தா வயித்துல இம்மாம் பெரிய கோடு இருக்கலாமா? ஒங்களுக்கு மட்டும் ஓட்ட போட்டுக்கிட்டீங்களாமே, ஆயாம்மா சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பு உன்மேல்தான். பித்தப்பைக் கல்லுக்குச் சின்ன ஓட்டையில் ஆபரேஷன் செய்துகொண்டு, மூன்றாம் நாளே வேலைக்கு வந்து, வார்டு முழுக்கப் பிளாஸ்திரியைக் காட்டிக்கொண்டு திரிந்தாயே. நீ சிரிக்கவில்லை.

"எனக்குப் பண்ணது எடுத்துப் போடுற வேலைங்க. இவளுக்குப் புதுசா வழி கட்டிக் குடுக்கணும், அதுவும் அரிசி மணி கணக்கா இருக்கற எடத்துல."

"அப்ப ஓட்டையில பண்ணா சரியா வராதா?"

"தெரியலங்க. ஒரு புள்ளைக்குப் பண்ணேன், அவன் இல்ல. அதனாலதானான்னு எனக்கே தெரியல. ஆனா அதக் கண்டுபுடிக்க ஒங்க புள்ளைய வச்சுப் பாக்க மாட்டேன்."

அடிப்பாவி, இதையெல்லாமா வெளியில் சொல்வாய்! அந்த ஆள் வெளியே போய் வெகுநேரம் நின்றார். வேறு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார், அலைச்சலில் நாள் போய்விடும், ஈரல் கெட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்த பிறகு தினமும் ரவுண்ட்ஸில் உன் முதல் கேள்வி, "என்னா கலரு?" என்பதுதான். ஒரு நாள் மாமன்காரர் ஈரத்துணியைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு கேன்டீனுக்கே ஓடி வந்தார். "டாக்டரம்மா, பச்சையா போயிருக்கா" என்று இட்லித் தட்டுக்குப் பக்கத்திலேயே பிரித்தார். பித்தம் இறங்கிய நிறத்தை நீ குனிந்து ஆசையாகப் பார்த்தாய். அன்று நான் சாப்பிடவில்லை.

போன வருஷம் மூளையில் ரத்தம் கசிந்து ஒரே பொழுதில் நீ போய்விட்டாய். எனக்கு உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. கடலூர் பஸ்ஸில் இப்போதும் உன் ஜன்னல் சீட்டை விட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன், யாராவது வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

போன வாரம் அந்த லால்பேட்டைப் பெண்ணை அழைத்து வந்தார்கள். ஒன்றாவது படிக்கிறாள். உன்னைப் போலவேதான், கிளாஸில் எல்லோருக்கும் சட்டையைத் தூக்கிக் கோட்டைக் காட்டுகிறாளாம். கண்ணில் மறுபடி மஞ்சள். ஈரல் களைத்துவிட்டது, இனி அம்மாவின் ஈரலிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைக்க வேண்டும், சென்னைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். மாமன்காரருக்குத் தாடி நரைத்திருக்கிறது. வாசல் வரை போனவர் என்னிடம் திரும்பி வந்தார்.

"அந்தம்மா இருந்தா கேட்டிருப்பேன். அன்னிக்கு ஓட்டையிலயே பண்ணியிருந்தா இன்னும் கொஞ்ச நாளு தாங்கியிருக்குமா?"

இல்லை, திறந்ததுதான் சரி என்று சொல்லியிருக்கலாம். நிம்மதியாகப் போயிருப்பார். உன் முகம் வந்து நின்றது.

"தெரியலங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அவுங்களும் இதத்தான் சொன்னாங்க. அதுக்கு முன்னால பாத்த டாக்டருங்க எல்லாம் தெரியும் தெரியும்னாங்க. அதனாலதான் அன்னிக்கு இங்க கையெழுத்துப் போட்டேன்."