யாருக்கு வலது?

மார்ச் 4
ஆன்டெனா அக்கா தரவை அனுப்பிவிட்டார். தொலைநோக்கிக் குழுவில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் காந்த நட்சத்திரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் இரண்டு ரேடியோ துடிப்புகள் வரும் என்று கணித்திருந்தேன் – முதலில் வலப்பக்கம் சுழலும் அலை, அடுத்து இடப்பக்கம். துடிப்புகள் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கின்றன. ஆனால் முதலில் இடது, பிறகு வலது. அப்படியே தலைகீழ்.

மார்ச் 5
கணிப்பைப் போட்ட கணினி நிரலை வரி வரியாகப் பார்த்தேன். தவறே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 7
குழுத் தலைவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "உங்க கணிப்புக் கட்டுரை அச்சுக்குப் போறதுக்குள்ள நாமளே திரும்ப வாங்கிடறதுதான் மரியாதை. திங்கட்கிழமை வரைக்கும் யோசிங்க."
யோசிக்க என்ன இருக்கு? நட்சத்திரத்தோட வடதுருவத்தைத் தென்துருவம்னு மாத்திப் போட்டா எல்லாம் பொருந்திடும். ஆனா அந்தக் காந்தத்தை வேற ஆளுங்க ஏற்கெனவே அளந்து வச்சிருக்காங்களே! தெரிஞ்சே மாத்த நான் என்ன – சே.

மார்ச் 8
சோறு இறங்கவில்லை. என் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.
"ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா அது முதல் வருஷப் பாடம். அக்காகிட்ட கேட்டா சிரிப்பாங்க" என்றேன்.
"கேளேன். வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?"

மார்ச் 9
கேட்டுவிட்டேன்.
"அக்கா, அலையை எந்தப் பக்கம் நின்னு பாத்து வலதுன்னு சொல்றீங்க?"
"பின்னாடி நின்னுதான். போற அலையோட முதுகைப் பாத்து. ஏன், நீ?"
நான் எதிரே நின்று பார்ப்பவள். ஒளியியல் படித்து வந்தவர்களுக்கு அதுதான் பழக்கம்.
"அடிப்பாவி! அப்போ என் இடதுதான் உன் வலது!" அக்கா கத்தியதில் காது அடைத்தது. "உனக்கு என்ன ஆறுதல் சொல்றதுன்னு தெரியாம நானே உன் பக்கம் வராம ஒளிஞ்சிட்டிருந்தேன்."
போனை வைத்ததும் அழுதேன். அப்புறம் அகோரப் பசி.

மார்ச் 10
தலைவர் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒரு அடிக்குறிப்பு போட்டுடுங்க" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்திருக்கிறது, மனுஷனுக்கு அது அடிக்குறிப்பு!

மார்ச் 22
நான் கணித்திருந்த இரண்டாவது நட்சத்திரத்தின் தரவு மதியம் வந்தது. 'உடனே பாரு' என்று எழுதியிருந்தார் அக்கா. சாப்பிட்ட மயக்கம், கண் சொருகியது. எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.