கடைசி எண்ணை மாற்றியவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அந்த எல்-போர்டு கார். எங்கள் அலுவலகம் இருப்பது முட்டுச்சந்தில். அதனால் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். பக்கத்து இருக்கையில் இருக்கும் அம்மாள் "கண்ணாடியைப் பாருங்க, கண்ணாடியைப் பாருங்க" என்று போடுகிற சத்தம் இரண்டாவது மாடி வரை கேட்கிறது. வாசலில் நிற்கும் எங்கள் குப்பைத் தொட்டி ஏற்கெனவே நசுங்கிப் போயிருக்கிறது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினால் புழுக்கம்.

மத்தியானம் புதிதாக ஒருவர் வந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் நடத்தும் நிறுவனத்தின் மேலாளர். உட்காரும் முன்பே சொன்னார்: "ஒரு லேடி எங்க வெப்சைட்டை ஹேக் பண்ணிட்டாங்க மேடம். போலீஸ்ல குடுத்து, கேஸ் கோர்ட்டுக்கும் போயாச்சு. நீங்க நிபுணர் அறிக்கை ஒண்ணு குடுத்தா போதும்."

நாங்கள் மூன்று பேர். இணையச் சேவை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க, தாடி என்று நாங்கள் கூப்பிடும் நண்பன், பாதுகாப்பைப் பார்க்க நான், சட்டத்தைப் பார்க்க அண்ணி. அண்ணனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு என்னையும் சேர்த்துக் கட்டி அழுகிறார். மூன்று விதமான தலைவலிக்கும் ஒரே வாசலில் மருந்து கிடைக்கும் என்பதுதான் எங்கள் பெருமை.

ஹேக் என்றதும் நான்கைந்து திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைக் கற்பனை செய்துகொண்டேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவராம்.

மார்ச் 5, வியாழன்

நடந்தது இவ்வளவுதான்.

பரிசோதனை முடிவு வந்ததும் லேப்காரர்கள் போனுக்கு ஒரு இணைப்பு அனுப்புகிறார்கள். அந்த அம்மாள் மகளுடைய முடிவைப் பெரிய திரையில் பார்க்கலாம் என்று, இணைப்பைக் கணினியில் கையால் தட்டியிருக்கிறார். கடைசி எண் தப்பாகிவிட்டது. வேறு யாரோ ஒருவருடைய சிறுநீரகப் பரிசோதனை முடிவு, பெயர், போன் நம்பரோடு வந்து நின்றிருக்கிறது. லேபுக்குப் போன் செய்தார். "பார்க்கிறோம்" என்றார்களாம். யாரும் பார்க்கவில்லை. பாவம், அந்த மனிதருக்கே போன் போட்டு, "உங்க ரிசல்ட் எனக்குத் தெரியுதுங்க, கொஞ்சம் என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டார். அவர் லேபில் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். லேப் யார் மேல் பாய்ந்தது? சொன்னவர் மேல்.

இது ஹேக்கா? எனக்குக் காது சூடாகிவிட்டது.

சோதித்துப் பார்க்க எங்களுக்கு எழுத்தில் கொடுத்த அனுமதி, சோதனைப் பிரதிக்கு மட்டும். அதாவது பொதுமக்கள் பார்க்கும் தளத்தைப் போலவே தனியாக வைத்திருக்கும் இன்னொன்று. அதில் எண்ணை மாற்றினால் "அனுமதி இல்லை" என்று வருகிறது. சபாஷ். புகார் கொடுத்த பிறகு அவசர அவசரமாகச் சரி செய்திருக்கிறார்கள் என்று தாடி இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்தான். நிஜத் தளத்தில் யார், எப்போது, எதைத் திறந்தார்கள் என்ற பதிவுகளைக் கேட்டோம். தர மாட்டார்களாம்.

போன வருஷம் எனக்கு அங்கே தைராய்டு பார்த்தார்கள். அந்த இணைப்பு இன்னும் என் போனில் இருந்தது. நிஜத் தளத்தில் திறந்தேன். கடைசி எண்ணை மாற்றினேன்.

ஒரு குழந்தையின் முடிவு வந்தது. பிரதியை மட்டும்தான் சரி செய்திருக்கிறார்கள். உடனே மூடிவிட்டேன்.

மார்ச் 6

அண்ணியிடம் சொன்னேன். "யாரைக் கேட்டு அதைப் பண்ணே?" என்றார். அவ்வளவுதான். சாப்பிடப் போய்விட்டார்.

மார்ச் 9, திங்கள்

காலையிலிருந்து அண்ணியோடு வாக்குவாதம். தாடி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டுக் கேட்காமலே கேட்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"பூட்டே இல்லை அண்ணி. இல்லாத பூட்டை எப்படி உடைக்க முடியும்?"

"பூட்டு இருக்கா இல்லையாங்கறது உன் கேள்வி. உள்ள வர அனுமதி இருந்துச்சாங்கறதுதான் சட்டத்தோட கேள்வி. கதவு திறந்திருந்தா உள்ள போயிடலாம்னு சட்டம் சொல்லல."

"அவங்க உள்ள போகலையே, கை தவறிடுச்சு."

"அதை அவங்க வக்கீல் சொல்லட்டும். நீ அனுமதியோட பார்த்ததை மட்டும் எழுது."

அண்ணி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் எனக்கு வந்த எரிச்சலுக்கு முக்கியக் காரணம். நியாயமாகப் பேசுகிறவர்களோடு சண்டை போடுவது போலச் சலிப்பு வேறில்லை. என்ன ஜென்மமோ, பதினைந்து வருஷமாக இவரிடம் ஒரு சண்டையிலும் நான் ஜெயித்ததில்லை.

மார்ச் 12, வியாழன்

அறிக்கை அனுப்பினேன். சோதனைப் பிரதி சரியாக இருக்கிறது, ஆனால் அது புகாருக்குப் பின் திருத்தப்பட்டது. சம்பவம் நடந்த நாளில் இணைப்பு வைத்திருந்த எவரும் மற்றவர் முடிவைப் பார்த்திருக்க முடியும் என்பதே என் கருத்து. இரண்டையும் எழுதினேன். நிஜத் தளத்தில் நானே பார்த்ததை மட்டும் எழுதவில்லை. அதை எழுத அண்ணி விடவில்லை. அந்த ஒரு இடத்தில் நானும் அடங்கிப் போனேன், ஒத்துக்கொள்கிறேன்.

சாயங்காலமே மேலாளர் போன். "ரெண்டாவது பகுதி வேண்டாமே மேடம். கருத்துதானே அது. முதல் பகுதி போதும், அது உண்மைதானே?"

உண்மைதான். அதுதான் வயிற்றெரிச்சல். பொய் எழுதச் சொல்லியிருந்தால் போனை வைத்துவிட்டுப் போயிருப்பேன். உண்மையில் பாதியை மட்டும் எழுதச் சொல்கிறான் மனுஷன்.

"நீங்க எங்க ஆளுதானே?" என்று வேறு கேட்டார். நிபுணர் என்றால் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்? வாடகைக்கு எடுத்த பந்தலா, கல்யாணம் முடிந்ததும் பிரித்துக் கொடுக்க? நான் கோர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவள்.

வைக்கும்போது சந்தோஷமாகச் சொன்னார்: "லைசென்ஸ் ஆபீஸுக்கும் புகாரோட ஒரு காப்பி அனுப்பிட்டோம். கேஸ் முடியற வரைக்கும் அந்த லேடியோட ஸ்கூலை நிறுத்தி வச்சிட்டாங்க. கேஸ் நின்னா லைசென்ஸ் அப்படியே ரத்துதான்."

தாடி லேப் பக்கம். "நாலு வரியைத்தானே எடுக்கச் சொல்றாங்க, உன் வாலையா வெட்டச் சொல்றாங்க?" அவனுக்கு வீட்டுக்கடன். அவன் மேல் கோபப்படக்கூட எனக்கு வக்கில்லை. கோபப்பட்டேன்.

மார்ச் 16

ஜன்னல் திறந்தே இருந்தது, சத்தமே இல்லை. மூன்று நாளாக அந்த எல்-போர்டு கார் வரவில்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. வழக்குக் கட்டில் இருந்த பள்ளியின் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தேன். அதே கார். பின் பம்பரில் எங்கள் குப்பைத் தொட்டியின் பச்சைப் பெயின்ட்.

எத்தனை நாள் அந்தத் தலைக்கு மேல் படாரென்று ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

போய்ப் பேசக் கூடாது. நிபுணர் எதிர்த் தரப்போடு பேசக் கூடாது. தெரியும். தெரியாமல் என்ன.

மார்ச் 19, வியாழன்

முதல் பகுதியை மட்டும் கோர்ட்டில் கொடுத்துவிட்டார்கள். என் கையெழுத்தோடு.

என் கையெழுத்து! யாரைக் கேட்டு? கடைசிப் பக்கத்தைப் பிரித்து முதல் பகுதிக்குப் பின்னால் குத்தியிருக்கிறார்கள். வாசிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? தளம் பத்திரமாக இருந்தது, அந்தப் பொம்பளை எதையோ உடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள் என்றுதானே? நான் சொல்லாததை நான் சொன்னதாக ஆக்கிவிட்டார்கள், ஒரு பொய்கூட எழுதாமல். சீ.

அண்ணியிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார், திரும்பக் கழற்றினார். "முழுசாப் போகணும், இல்லன்னா போகவே கூடாதுன்னு எழுதிக் குடுத்தேனே" என்றார். அண்ணி கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. குரலே எழும்பவில்லை.

மறுப்புக் கடிதம் லேபுக்குப் போனது. சாயங்காலம் வரை பதில் இல்லை. ஆனால் அந்த அறிக்கையை உறுதி செய்ய என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், லேப் தரப்பில்.

மார்ச் 31

நாளைக்குக் கோர்ட். இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணன் வீடு.

அண்ணி சொன்னார்: "இன்னைக்கு உன் பார்ட்னரா கடைசியா ஒண்ணு சொல்றேன். கேட்டா, உண்மையைச் சொல்லு. ஆனா நிஜ சைட்டைத் தொட்டதைச் சொன்னா, அந்த அம்மா மேல போட்ட அதே பிரிவுல உன் மேலயும் போடலாம். உன்கிட்ட அனுமதி இல்ல. இந்தத் தொழில்ல யாரும் உன்னைத் திரும்பக் கூப்பிட மாட்டாங்க."

"கேக்கலைன்னா?"

அண்ணி என் தட்டில் ரசம் ஊற்றினார்.

அண்ணன் தட்டைப் பார்த்தபடி, "சாப்பிடும்போதாவது சட்டம் பேசாம இருங்க ரெண்டு பேரும்" என்றான். அவனுக்கென்ன.

பயமாக இருக்கிறது. பயம் இல்லை என்று இங்கே எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்.

ஏப்ரல் 1, புதன்

கோர்ட் அறையில் மைக் வேலை செய்யவில்லை. எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. அந்த அம்மாளை முதல் முறை முகத்துக்கு நேரே பார்த்தேன். மடியில் கைப்பை, பிரேக்கை மிதித்துப் பழகிய தட்டையான செருப்பு. பக்கத்தில் மகள்.

லேபின் வக்கீல் என்னைக் கேட்டார்: "சோதனைப் பிரதியில பாதுகாப்பு சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்படின்னா, சாதாரண ஆள் ஒருத்தர் சும்மா எண்ணை மாத்தி அடுத்தவங்க முடிவைப் பார்க்க முடியாது."

"முடியும்."

அங்கேயே அவர் நிறுத்தியிருக்கலாம். என் மேல் கோபம் வந்துவிட்டது அவருக்கு. "அது எப்படி உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

அறையின் பின்வரிசையில் அண்ணி இருந்தார். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வார்த்தை வந்திருக்காது.

"நான் பார்த்தேன். நிஜத் தளத்துல கடைசி எண்ணை மாத்தினேன். வேற ஒருத்தரோட முடிவு வந்துச்சு."

நீதிபதி நிமிர்ந்தார். "அதுக்கு உங்களுக்கு அனுமதி இருந்ததா?"

"இல்லைங்க. சோதனைப் பிரதிக்குத்தான் அனுமதி. இவங்க பண்ணினதையே நானும் பண்ணினேன். இவங்க கை தவறிப் பண்ணினாங்க. நான் தெரிஞ்சே பண்ணினேன். இது குற்றம்னா என்னுதுதான் பெருசு."

மேலாளர் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொன்னார்கள். அறிக்கையின் மற்ற பகுதி எங்கே என்று நீதிபதி கேட்டபோது, லேபின் வக்கீல் கோப்பில் ரொம்ப நேரம் தேடினார். இல்லாததை எவ்வளவு நேரம்தான் தேடுவார்? நிஜத் தளத்தின் பதிவுகளையும் அடுத்த வாய்தாவில் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பேசவில்லை. பேசக் கூடாது என்று அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

ஏப்ரல் 2

மேலாளர் போனில் கத்தினார். ஒப்பந்தம் ரத்து. தாடி நாள் முழுக்க ஹெட்போனைக் கழற்றவில்லை. போகும்போது மட்டும், "அந்தக் குழந்தைக்கு என்ன நோயாம்?" என்று கேட்டான். பார்க்கவில்லை, மூடிவிட்டேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

என் பெயருக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. அனுமதியின்றி நுழைந்ததாக. வேறு இரண்டு பேர் கொடுத்திருந்த வேலையும் "கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம்" என்று நின்றுவிட்டது. பொறுத்து எதைப் பார்ப்பார்கள்? என் தலை உருளுவதையா?

அண்ணி ஒரு புதுக் கோப்பை எடுத்து அதன் முகப்பில் என் பெயரை எழுதினார். "இனிமே என்கிட்டப் பேசறப்போ கட்சிக்காரர் மாதிரி அடக்கமாப் பேசு. எல்லாத்துக்கும் முன்னாடி, என்னைக் கேக்காம எதையும் தொடாதே."

"நான் பண்ணினது தப்புன்னு நினைக்கிறீங்களா அண்ணி?"

"தொட்டது தப்பு. சொன்னது தப்பில்ல. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று இன்னும் தெரியவில்லை. அழுதுவிட்டேன். கட்சிக்காரர்கள் அழுவார்கள் என்று அவருக்குப் பழக்கம்தான் போல, தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

ஏப்ரல் 22, புதன்

பதிவுகளைக் கொடுக்க வேண்டிய நாள். கொடுப்பதற்குப் பதிலாக லேப் அந்த அம்மாள் மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. "நல்லெண்ண அடிப்படையில்" என்று எழுதியிருக்கிறார்களாம். நல்லெண்ணமாம். ஒரு மன்னிப்பு, ஒரு வருத்தம், அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று ஒரு கேள்வி? ஒன்றும் கிடையாது. பதிவுகளை வெளியே காட்டினால் மானம் போய்விடும் என்பதற்குப் பெயர் நல்லெண்ணம்.

நீதிபதி மட்டும் விடவில்லை. பதிவுகள் வந்தே ஆக வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். என் நோட்டீஸைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. அது அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 27

போனுக்கு ஒரு செய்தி. "உங்கள் பரிசோதனை விவரங்கள் பிறர் பார்வைக்குக் கிடைத்திருக்க வாய்ப்பு உள்ளது." வாய்ப்பாம். கீழே ஒரு இணைப்பு.

தொடவில்லை. அண்ணியைக் கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 29, புதன்

காலையில் தாடி வந்ததும் கேட்டது: "புது வேலை ஏதாவது வந்துச்சா?" இல்லை. "நோட்டீஸ்?" அப்படியே. அவன் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் திறந்தான். எங்களை விட்டுப் போகவில்லை என்பதே பெரிசு.

பத்து மணி வாக்கில் கீழே இன்ஜின் உறுமி நின்றது. திரும்ப உறுமியது. "கண்ணாடியைப் பாருங்க, கண்ணாடியை" — அதே குரல். பழக்கதோஷத்தில் தாடி எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனான்.

"இருக்கட்டும்" என்றேன்.

டம் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். தொட்டி சாய்ந்து கிடந்தது. கற்றுக்கொள்கிற ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் இறங்கி வந்து பம்பரைத் தடவிப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார். என்னைத் தெரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"எத்தனை நாளாச் சொல்லணும்னு நினைச்சுட்டிருக்கேன். இந்தத் தொட்டியை யாருங்க இங்க வச்சது? வண்டி திரும்பற இடத்துல."

இறங்கிப் போய் உள்ளே இழுத்து வைத்தேன்.