எங்கே போறீங்க என்று கேட்டுவிட்டேன்

மண்டபம், 12-1-1959
இன்று எண்பத்தாறு சாளைச் செதில்கள். மைக்ராஸ்கோப்பில் வளையம் எண்ணி மீனுக்கு வயது எழுதுவது, ஆறு வருஷமாக இதுதான் என் ஆராய்ச்சி. அறுபதாவது செதிலில் கண் சொக்கிவிட்டது.

போன மாதம் திருச்சி வானொலியில் சாளையைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். அன்றிலிருந்து புத்தி செதிலில் நிற்கவில்லை. இன்று அங்கிருந்து கடிதம்! கடலோரத்துக்கு ஒரு நிருபர் வேண்டுமாம். மீனவர் பேட்டி ஒரு டேப் அனுப்ப வேண்டும், பிடித்தால் வேலை. ரெக்கார்டர் ரயிலில் வருகிறது.

அய்யாவிடம் எப்படிச் சொல்வேன்? நயினார்கோவிலில் எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் "எம் மக மீன் ஆபீசரு" என்று சொல்லித் திரிகிறவர்.

18-1-1959
பதினான்கு கேள்வி எழுதினேன். வரிசை எண் போட்டு. விஞ்ஞானி அல்லவா!

19-1-1959
மானம் போயிற்று.

விடிய பாம்பன் போனேன். மீனவர் தங்கசாமி வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். மைக்கை நீட்டி முதல் கேள்வி: "எங்கே போறீங்க?"

அவர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்து வள்ளங்களும் நின்றுவிட்டன. அவர் மனைவி பூமயில் பாய்ந்து வந்தாள்.

"ஏத்தா, கடலுக்குப் போற ஆம்பளைய எங்க போறேன்னு கேப்பாகளா? அம்புட்டுப் படிச்சும் இது தெரியலையே உனக்கு!"

தெரியவில்லையே. ஆறு வருஷமும் கரைக்குத் திரும்பிய வள்ளத்தில்தானே மீன் வாங்கினேன். புறப்படும் வள்ளத்தை ஒருநாள் பார்த்ததுண்டா? இன்று யாருமே கடலுக்குப் போகவில்லை. ரெக்கார்டரை நிறுத்தவும் மறந்து, திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

20-1-1959
செதில் எண்ணினேன். பேசாமல் இதையே எண்ணலாம்.

22-1-1959
மன்னிப்புக் கேட்கப் போனேன். தங்கசாமி சிரிக்கிறார்! "விடுங்க ஆபீசரம்மா. உங்க புண்ணியத்துல அன்னிக்கு வீட்டுல இருந்து கூரைய மேஞ்சு முடிச்சிட்டேன்."

பூமயிலுக்கு வேறு கவலை. "நான் வஞ்சதெல்லாம் அந்தப் பொட்டிக்குள்ள இருக்கா? போடு, கேப்போம்." போட்டேன். தன் குரலைத் தானே கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "இப்பப் பேசுறேன், பிடி," என்றாள்.

"இருவது வருசமா எங்க போறீகன்னு ஒருநாளும் இவுகளக் கேட்டதில்ல. கேக்க ஆசையில்லாமயா? வாய மூடிக்கிட்டு அடுப்பப் பத்த வைப்பேன். காத்து மாறுச்சுன்னா அடுப்புல என்ன வேகுதுன்னே தெரியாது."

பதினான்கு கேள்வியும் கைப்பையிலேயே இருந்தன. அழுகை வந்துவிட்டது எனக்கு.

24-1-1959
திட்டு உட்பட அப்படியே அனுப்பிவிட்டேன்.

3-3-1959
வேலை கிடைத்துவிட்டது! "திட்டு பிரமாதம்" என்று எழுதியிருக்கிறார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டேன்.

8-3-1959
நயினார்கோவில். அய்யா சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "நெரந்தர உத்தியோகத்த விட்டுட்டுப் பொட்டிக்குள்ள பேசப் போறியாக்கும். போ. அந்தப் பேச்சு மட்டும் என் காதுல விழக்கூடாது."

திரும்பும் பஸ்ஸில் தப்புச் செய்துவிட்டேனோ, தப்புச் செய்துவிட்டேனோ என்றே வந்தேன். தப்பா? இல்லை. ஆனால் வலிக்கிறது.

ராமேஸ்வரம், 21-6-1959
மத்தியான ரயிலில், என் புது ஜாகைக்கு அய்யா! சொல்லாமல் கொள்ளாமல், ஒரு பை குண்டு மிளகாயுடன். உட்காரும் முன்பே சண்டை.

"நேத்து சங்கு குளிக்கிறவுகளப் பத்திப் பேசினியே, முடிவுல வெறும் வீரலட்சுமின்னு சொல்றாகளே, எந்த வீரலட்சுமி? நயினார்கோவில் சோணைமுத்து மகள்னு சொன்னா வாயா வலிக்கும்? பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால உக்காந்து ஒவ்வொருத்தனுக்கா நான் சொல்ல வேண்டியிருக்கு!"

"எத்தனை நாளாக் கேக்குறீக அய்யா?"

"நீ பேச ஆரம்பிச்ச நாள்லருந்து. சோத்தப் போடு."

இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஊர்ப் பெயரையாவது சேர்க்க முடியுமா என்று வானொலி நிலையத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.