கொல்லை மூலையில் வேட்டி

தை மாதம், புதன் இரவு

கனிமம் தேடி அரசும் எங்கள் கம்பெனியும் சேர்ந்து ஜவ்வாது மலையில் நடத்திய ஹெலிகாப்டர் சர்வே இன்றோடு முடிந்தது. ஊருக்கு விவரம் சொல்வது அரசின் பொறுப்பு. பறப்பது எங்கள் பொறுப்பு.

காலையில் பறந்தபோது பார்த்தேன். சாமை விளையும் கொல்லைகளில் மூலைக்கு மூலை வெள்ளை வேட்டி விரித்து, மேலே கல் வைத்திருந்தார்கள். எதற்கென்று மாலையில் போய்க் கேட்டேன்.

"எங்க கொல்லை நல்லா தெரிஞ்சுதாங்க? பட்டா எப்ப வரும்?" என்றார் சாமை விவசாயி கோவிந்தன். நிலம் அளக்க வந்தோம் என்று நினைத்திருக்கிறார்.

எங்கள் கருவி மண்ணுக்கு அடியில் இருப்பதைத்தான் பார்க்கும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். "நல்லா தெரிஞ்சுதுங்க" என்றுதான் வந்தது.

கிளம்பும்போது அவர் மனைவி வேட்டிகளை எடுக்கப் போனார்.

"இருக்கட்டும் வுடு. நாளைக்கும் வருவாங்க" என்றார் கோவிந்தன்.